நெஞ்சின் மேல் ஏறும் பாரம்

நீங்கள் கேட்டிருப்பது இது: “முற்காலத்தில் மனிதர்களை எடை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள் என்று படித்தேன். இன்று கூட்ட நெரிசலில் சாகிறவர்களும் அதே விதமாகத்தான் சாகிறார்களா? எலும்பு நொறுங்கியா, மிதிபட்டா? எவ்வளவு நேரம் துடித்திருப்பார்கள்?” மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். நசுங்கிச் செத்தார் என்று சொல்கிறோமே, அப்போது உடலுக்குள் என்ன நடக்கிறது? நான் தடயவியல் மருத்துவம் படித்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரேதப் பரிசோதனை செய்துவருகிறேன். நெரிசலில் இறந்தவர்களின் உடல்களும் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. வெளியே காத்திருக்கும் உறவினர்கள் ஏறக்குறைய உங்கள் கேள்வியைத்தான் கேட்பார்கள்: “மிதிச்சே கொன்னுட்டாங்களா டாக்டர்?” உடலைப் பற்றி நான் சொல்வதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். வரலாறு நான் படித்துத் தெரிந்துகொண்டது. கூட்டங்களின் இயற்பியல் என் துறை இல்லை. அதில் நிபுணர்கள் ஒத்துக்கொண்டதை மட்டும் தொட்டுச் செல்கிறேன்.

நெரிசலில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டுச் சாவதில்லை. பலர் நின்றபடியே, ஓர் எலும்புகூட முறியாமல், மூச்சு இழுக்க இடமில்லாமல் இறக்கிறார்கள். தமிழில் இதற்கு நாம் வைத்திருக்கும் சொல் இதைச் சரியாகவே சொல்கிறது. நெரிசல் என்பதும், கழுத்தை நெரித்தான் என்கிறபோது வரும் நெரித்தலும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தவை. செய்தி எழுதும்போதுதான் நாம் அதை மறந்துவிட்டு “மிதிபட்டுப் பலி” என்று தலைப்பு வைக்கிறோம். அந்தத் தலைப்பைப் படிக்கிறவர் மனதில் ஒரு காட்சி விரிகிறது: வெறிபிடித்த கூட்டம், கீழே விழுந்தவர், அவர் மேல் ஏறி ஓடும் கால்கள். பல சம்பவங்களில் அந்தக் காட்சி உண்மையே இல்லை. இறந்தவருக்குப் பக்கத்தில் இருந்தவர்களைக் கொலைகாரர்களாக்கும் காட்சி அது. அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

மூச்சு இழுக்கும் வேலையை நுரையீரல் செய்வதாக நினைக்கிறோம். நுரையீரல் தானாக விரியத் தெரியாத பை. விலா எலும்புக்கூடு உயர்ந்து அகல வேண்டும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசைத் திரையான உதரவிதானம் கீழே இறங்க வேண்டும். அப்போது நெஞ்சுக்குள் இடம் பெரிதாகும், அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரும். அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் ஒரு மூச்சில் ஏறத்தாழ அரை லிட்டர் காற்றை இழுக்கிறார். இப்போது முன்னும் பின்னும் இறுக்கும் பாரம் ஒன்று நெஞ்சில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை வெளியே விடுவதில் சிரமம் இல்லை, பாரமே அதற்கு உதவும். ஆனால் விட்டவுடன் நெஞ்சு சுருங்கிய அந்த இடத்தைப் பாரம் பிடித்துக்கொள்கிறது. அடுத்த மூச்சுக்குப் பாரத்தைத் தள்ளி இடம் மீட்க வேண்டும். தசைகள் களைத்துப்போகின்றன. ஒவ்வொரு மூச்சும் முந்தையதைவிடக் குறைகிறது. வாய் திறந்துதான் இருக்கும், மூக்கை யாரும் அடைத்திருக்க மாட்டார்கள், சுற்றிலும் காற்று இருக்கும். அது உள்ளே வர வழியில்லை.

இப்படி இறந்தவர்களில் சிலரின் உடலில் ஓர் அடையாளம் இருக்கும். முகமும் கழுத்தும் கருநீலமாக மாறியிருக்கும், கண்ணின் வெண்பகுதியில் ரத்தம் கட்டியிருக்கும், இமைகளில் குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். நெஞ்சுக்குக் கீழே தோல் சாதாரணமாக இருக்கும். நெஞ்சை அழுத்தும்போது இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் தலைப் பக்கத்துச் சிரைகளுக்குள் பின்னோக்கித் தள்ளப்படுவதால் இது நேர்கிறது. 1837இல் பாரிஸ் நகரத்தின் ஷான் தெ மார்ஸ் மைதானத்தில் நடந்த நெரிசலில் இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்து ஒலிவியே என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை முதலில் விவரித்து எழுதினார். பாடப்புத்தகங்களில் இந்தப் படம் பெரிதாக இருக்கும். ஆனால் மேஜையில் எல்லா உடல்களும் அப்படி இருப்பதில்லை. முகம் வெளிறி, தூங்குவது போலக் கிடந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அடையாளம் இல்லை என்பதை வைத்து அழுத்தம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

இதைக் கொலைகாரர்களும் தெரிந்து வைத்திருந்தார்கள். 1828இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் பதினாறு பேரைக் கொன்று, உடல்களை உடற்கூறியல் வகுப்புக்கு விற்றார்கள். ஒருவர் நெஞ்சின் மேல் உட்கார்ந்து அழுத்தி, வாயையும் மூக்கையும் பொத்துவது அவர்கள் முறை. காயம் இல்லாத உடலுக்கு நல்ல விலை. பர்க் 1829 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார். இன்றும் எங்கள் துறையில் இந்தக் கொலை முறைக்கு அவர் பெயரைத்தான் சொல்கிறோம்.

சரி, தண்டனைக்கு வருவோம். எடை ஏற்றிக் கொல்வது சட்டத்தில் இடம்பெற்றிருந்த நாடு இங்கிலாந்து. அதன் காரணம் விசித்திரமானது. குற்றம் சாட்டப்பட்டவர் “செய்தேன்” என்றோ “செய்யவில்லை, விசாரியுங்கள்” என்றோ வாய் திறந்து சொன்னால்தான் அங்கே வழக்கு நடத்த முடியும். சொல்லாமல் ஊமையாக நின்றால் வழக்கு நகராது. கொடுங்குற்றத்துக்குத் தண்டனை கிடைத்தால் சொத்து அரசருக்குப் போய்விடும், வாய் திறக்காமல் செத்தால் பிள்ளைகளுக்கு மிஞ்சும். ஆகவே சிலர் வேண்டுமென்றே மௌனமாக நின்றார்கள். 1275இல் வந்த சட்டம் இப்படிப்பட்டவர்களைக் கடுமையான சிறையில் வைக்கச் சொன்னது. பிற்பாடு அது எடை ஏற்றும் தண்டனையாக மாறியது. மல்லாக்கப் படுக்கவைத்து, கைகால்களைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, “தாங்கக்கூடிய அளவும் அதற்கு மேலும்” இரும்பையும் கல்லையும் நெஞ்சில் ஏற்ற வேண்டும். ஒரு நாள் கொஞ்சம் ரொட்டி, மறுநாள் கொஞ்சம் தேங்கிய தண்ணீர். பேசும்வரை, அல்லது சாகும்வரை. 1772வரை இது சட்டத்தில் இருந்தது.

இரண்டு மரணங்களை ஒப்பிட்டுப் பார்க்க உங்களை அழைக்கிறேன், ஏனென்றால் உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை இவற்றில் இருக்கிறது. 1586 மார்ச் 25 அன்று யார்க் நகரத்தில் மார்கரெட் கிளித்தரோ கொல்லப்பட்டார். கத்தோலிக்கப் பாதிரியார்களுக்கு வீட்டில் இடம் கொடுத்தது அவர் மேல் இருந்த குற்றச்சாட்டு. வழக்கு நடந்தால் தன் பிள்ளைகளையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவார்கள் என்பதால் அவர் வாய் திறக்கவில்லை. முதுகுக்கு அடியில் கூரான கல்லை வைத்து, அவர் வீட்டுக் கதவையே மேலே போட்டு, அதன் மேல் ஏழெட்டு ஹண்ட்ரட்வெயிட் எடை ஏற்றினார்கள். நம் கணக்கில் 350 முதல் 400 கிலோ. கால் மணி நேரத்துக்குள் உயிர் போய்விட்டது. விலா எலும்புகள் முறிந்ததாக அக்காலக் குறிப்பு சொல்கிறது. பெரும் எடையை வேகமாக ஏற்றினால் அப்படித்தான் ஆகும்.

அடுத்தது 1692 செப்டம்பர், மாசசூசெட்ஸின் சேலம். சூனியக்காரர் என்று குற்றம் சாட்டப்பட்ட ஜைல்ஸ் கோரிக்கு வயது ஏறத்தாழ எண்பது. அவரும் பேசவில்லை. கற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். இரண்டு நாள் ஆனது. மூன்று நாள் கழித்து அவர் மனைவி மார்த்தாவைத் தூக்கிலிட்டார்கள். “இன்னும் எடை போடு” என்று அவர் கேட்டதாக ஒரு வாசகம் உலகமெங்கும் சுற்றிவருகிறது. அது பிற்காலத்து மரபுக் கதையிலிருந்து வருவது, வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. வழக்கின் நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சூவல் தன் நாட்குறிப்பில் அவர் ஊமையாக நின்றதற்காக நசுக்கிக் கொல்லப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறார், அது உறுதி. அந்த வாசகம் இல்லாமலேயே அந்தக் கிழவரின் மௌனம் எனக்குப் போதும்.

இந்த வரலாற்றில் ஆதாரம் இல்லாத கதைகள் நிறைய உண்டு. ஏதென்ஸின் சட்டமியற்றியவரான திராக்கோன் மீது மக்கள் அன்பு மிகுந்து மேலாடைகளையும் தொப்பிகளையும் வீச, அவற்றின் அடியில் மூச்சுமுட்டிச் செத்தார் என்பது அவருக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்டது. பூரி ஜகந்நாதர் தேர்ச் சக்கரத்தில் பக்தர்கள் கூட்டம் கூட்டமாக விழுந்து உயிர்விடுவதாக ஐரோப்பியப் பயணிகள் எழுதிவைத்தார்கள், ஆங்கிலத்தில் அதிலிருந்து ‘ஜகர்நாட்’ (juggernaut) என்று ஒரு சொல்லே உருவானது. ஒரிசாவைப் பற்றி 1870களில் விரிவாக எழுதிய ஹன்டர் என்ற ஆங்கிலேய அதிகாரியே அதை மறுத்தார். பெரும் கூட்டம் கனத்த தேரை இழுக்கும்போது சிலர் தவறி விழுந்து இறந்தார்கள், அவ்வளவுதான். யானைக் காலில் இடறச் செய்யும் தண்டனை அப்படி இல்லை, அது நிச்சயமாக இருந்தது. அலெக்சாண்டர் இறந்த கி.மு. 323இல் பாபிலோனில் அவருடைய தளபதி பெர்டிக்கஸ் கலகக்காரர்களை யானைகளுக்குக் கீழே தள்ளியது முதல், 17ஆம் நூற்றாண்டில் கண்டி அரசில் கைதியாக இருந்த ஆங்கிலேயர் ராபர்ட் நாக்ஸ் எழுதியது வரை சான்றுகள் இருக்கின்றன. ஆனால் மருத்துவக் கண்ணால் பார்த்தால் அது வேறு சாவு. மண்டையும் நெஞ்சும் ஒரே மிதியில் உடைந்து போகும். நீங்கள் கேட்கும் மெதுவான சாவு அதில் இல்லை.

கூட்டத்துக்கு வருகிறேன். ஒரு சதுர மீட்டருக்கு நாலு பேர் வரை நிற்கலாம், நகரலாம். ஐந்தைத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. ஆறு ஏழு ஆகும்போது ஆள் தன் விருப்பப்படி நகர்வது நின்று, கூட்டம் தண்ணீரைப் போல அசையத் தொடங்குகிறது. பின்னால் யாரோ அரை அடி சாய்ந்தது முன்னால் அலையாக வந்து மோதும். கால் தரையிலிருந்து தூக்கப்பட்டுவிடும். கீழே இருக்கும் கையை மேலே எடுக்க முடியாது. இதைப் பற்றி 1993இல் எழுதிய, கூட்டங்களை ஆராய்ந்த பொறியாளர் ஜான் ஃப்ருயின், நெரிசலுக்குப் பின் வளைந்து கிடந்த இரும்புக் கம்பிகளை வைத்து 4,500 நியூட்டனுக்கு மேல் விசை இருந்திருக்க வேண்டும் என்றார். அது ஏறத்தாழ 450 கிலோ பாரம். யார்க்கில் கதவின் மேல் ஏற்றியதைவிட அதிகம். கம்பியில் விழுந்த விசை முழுவதும் ஒரே நெஞ்சில் விழுந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் யாரும் யாரையும் கொல்ல நினைக்காத இடத்தில், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்ததாலேயே அந்த அளவு பாரம் சேர்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். முன்வரிசையில் ஆள் சாகும்போது பின்வரிசைக்கு அது தெரியாது. “ஏன் நகர மாட்டேன் என்கிறார்கள்” என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

1883 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் சண்டர்லேண்டில் ஒரு மண்டபத்தில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி. முடிவில் பரிசு தருவதாக அறிவித்தார்கள். மாடத்தில் இருந்த குழந்தைகள் தங்களுக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று படியில் இறங்கி ஓடினார்கள். படியின் அடியில் இருந்த கதவு உள்பக்கம் திறப்பது. ஒரு குழந்தை மட்டும் நுழையும் இடைவெளி விட்டுத் தாழிட்டிருந்தது. 183 குழந்தைகள் இறந்தார்கள். தள்ளினால் வெளிப்பக்கம் திறக்கும் அவசரக் கதவுகள் கட்டாயமாவதற்கு இந்தச் சாவுகள் காரணம். இன்று திரையரங்கக் கதவில் குறுக்காக ஒரு கம்பி இருக்கிறதே, உடம்பு பட்டாலே திறந்துகொள்ளுமே, அந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த ராபர்ட் பிரிக்ஸ் 1892இல் காப்புரிமை பெற்றார். அந்தக் கம்பியை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்தப் படிக்கட்டு நினைவுக்கு வரும்.

1896இல் இரண்டாம் நிக்கோலாஸ் முடிசூடியதை ஒட்டி மாஸ்கோவின் கொடின்கா மைதானத்தில் கோப்பையும் தின்பண்டமும் தருவதாகச் சொன்னார்கள். தீர்ந்துவிடும் என்று வதந்தி பரவியது. மைதானத்தில் மூடப்படாத பள்ளங்கள் இருந்தன. அரசுக் கணக்கில் 1,389 பேர் இறந்தார்கள். 1943 மார்ச் 3 அன்று போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குப் பதுங்குமிடமாக இருந்த லண்டனின் பெத்னல் கிரீன் சுரங்க ரயில் நிலையப் படிக்கட்டில் 173 பேர் இறந்தார்கள், அன்று அங்கே ஒரு குண்டுகூட விழவில்லை. மங்கலான விளக்கு, நடுவில் பிடிமானம் இல்லாத படி, கீழே தடுக்கி விழுந்த ஒருவர், அவ்வளவே. 2015இல் மெக்காவுக்கு அருகே உள்ள மினாவில் ஹஜ் பயணிகள் இறந்தபோது சவூதி அரசு 769 என்றது, தங்கள் குடிமக்களை இழந்த நாடுகள் தந்த எண்களைக் கூட்டினால் 2,400ஐத் தாண்டுகிறது. நெரிசல் சாவுகளின் எண்ணிக்கையை எங்கே பார்த்தாலும், யார் எண்ணியது என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

2022 அக்டோபர் 29 அன்று சியோலின் இத்தேவோன் பகுதியில், ஓரிடத்தில் 3.2 மீட்டர் மட்டுமே அகலமிருந்த ஒரு சரிவான சந்தில் நடந்த நெரிசலில் 159 பேர் போனார்கள். உயிர்கள் போகத் தொடங்கியது இரவு பத்தேகாலுக்கு. ஆட்கள் நசுங்கிச் செத்துவிடுவார்கள் போலிருக்கிறது என்று காவல்துறைக்கு முதல் அழைப்பு போனது மாலை 6.34க்கு. இடையில் இன்னும் பத்து அழைப்புகள். ஏறத்தாழ நாலு மணி நேரம் இருந்தது.

ஹில்ஸ்பரோவைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் என் துறையின் தவறும் இருக்கிறது. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் அந்தக் கால்பந்து மைதானம். வெளியே கூட்டம் சேர்ந்ததால் காவல்துறை ஒரு வெளிவாயிலைத் திறக்கச் சொன்னது. உள்ளே வந்தவர்கள், ஏற்கெனவே நிரம்பியிருந்த, கம்பி வேலியிட்ட நடு அடைப்புகளுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். மொத்தம் 97 உயிர்கள். ரசிகர்களே கதவை உடைத்தார்கள், குடித்திருந்தார்கள் என்று முதலில் பரப்பப்பட்டது. முதல் மரண விசாரணையில், நெஞ்சு நசுங்கியவர்கள் சில நிமிடங்களிலேயே மீட்க முடியாத நிலைக்குப் போயிருப்பார்கள் என்ற மருத்துவக் கருத்தை வைத்துக்கொண்டு, மணி 3.15க்குப் பிறகு நடந்த எதையும் விசாரிக்கத் தேவையில்லை என்று முடிவு செய்தார்கள். ஆம்புலன்ஸ் ஏன் வரவில்லை, யார் யாரைத் தூக்கினார்கள், எதுவும் கேட்கப்படவில்லை. 1991இல் விபத்து என்று தீர்ப்பு. 2012இல் சுயாதீனக் குழு ஒன்று அதே மருத்துவக் குறிப்புகளை மறுபடி பார்த்து, 41 பேர் வரை பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது என்று சொன்னது. 2016இல் புதிய நடுவர்குழு, இது சட்டவிரோதக் கொலை என்றும் ரசிகர்கள் மேல் தவறு இல்லை என்றும் தீர்ப்பளித்தது. குடும்பங்கள் 27 வருடம் காத்திருந்தன. “சில நிமிடங்களில் எல்லாம் முடிந்திருக்கும்” என்று நாங்கள் ஆறுதலுக்காகச் சொல்லும் ஒரு வாக்கியம் எவ்வளவு சேதம் செய்யும் என்பதை நான் இதிலிருந்துதான் கற்றேன். அதற்குப் பிறகு எந்தக் குடும்பத்திடமும் நிமிடக் கணக்கு சொன்னதில்லை.

இடிபாடுகளில் சிக்கியவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தொடர்புடையது என்பதால் ஒரு வார்த்தை. 1941இல் லண்டன் குண்டுவீச்சில் சிக்கியவர்களைக் கவனித்த எரிக் பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர் ஒன்றைக் கண்டார். கால் மேல் சுவர் விழுந்து பல மணி நேரம் கிடந்தவர்கள், வெளியே எடுக்கும்போது நன்றாகப் பேசுவார்கள், சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்துவிடுவார்கள். நசுங்கிய தசையிலிருந்து வெளியேறும் பொருட்கள் பாரம் நீங்கியதும் ரத்தத்தில் கலப்பதுதான் காரணம். பொட்டாசியம் சட்டென்று கூடினால் இதயமே நின்றுபோகும். அதனால்தான் இப்போது மீட்புக் குழுக்கள், முடிந்தால் பாரத்தை எடுப்பதற்கு முன்பே ரத்தக்குழாயில் திரவம் ஏற்றத் தொடங்குகின்றன.

கடைசியாக, எவ்வளவு நேரம் துடித்திருப்பார்கள் என்ற கேள்வி. உடலியல்படி சொல்லக்கூடியது: மூச்சு முழுவதுமாக அடைபட்டால் நினைவு விரைவிலேயே தப்பிவிடும். மயங்கியபின் வலி இல்லை. நெரிசலில் மயங்கி, பிறகு பிழைத்தவர்களில் பலர், எப்போது மயங்கினோம் என்றே தெரியாது என்கிறார்கள். ஆனால் அதற்கு முந்தைய நேரம், அரைகுறையாக மூச்சு விட்டுக்கொண்டு போராடிய நேரம், ஒவ்வொருவருக்கும் வேறு. கிளித்தரோவுக்குக் கால் மணி நேரம், கோரிக்கு இரண்டு நாள். நெரிசலிலும் அலை வந்து போகும் இடைவெளியில் மூச்சு கிடைத்தவர்கள் வெகுநேரம் தாங்கியிருக்கிறார்கள். ஓர் உடலைப் பார்த்து அந்த நேரத்தை என்னால் அளக்க முடியாது.

நீங்களே அப்படி ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டால், கைகள் இரண்டையும் குத்துச்சண்டைக்காரர் போல நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். கை கீழே போய்விட்டால் பிறகு எடுக்க முடியாது. அந்தக் கொஞ்ச இடம்தான் உங்கள் அடுத்த மூச்சு. கத்தி மூச்சைச் செலவழிக்காதீர்கள். அலையை எதிர்த்துத் தள்ளாமல், அது தளரும்போது குறுக்காக, ஓரம் நோக்கி நகருங்கள். சுவரையோ கம்பியையோ ஒட்டி மட்டும் நிற்காதீர்கள். அப்புறம், வெளியே இழுத்துப் போடப்பட்டவர் அசையாமல், முகம் நீலமாகக் கிடந்தால் போய்விட்டார் என்று விட்டுவிடாதீர்கள். நினைவு தப்பியதற்கும் உயிர் போவதற்கும் இடையில் சில நிமிடங்கள் உண்டு. மல்லாக்கப் படுக்கவைத்து, தாடையை உயர்த்தி மூச்சுவழியைத் திறந்து, மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்துவதையும் செயற்கைச் சுவாசம் கொடுப்பதையும் தொடங்குங்கள், உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.